ஒன்பதாவது லெவலில் ஒரு குரல்

அத்தியாயம் 17

எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார் தர்மராஜ். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள், எவ்வளவு தூரம் தாவுகிறார்கள், குனிந்தால் விரல் எதுவரைக்கும் போகிறது என்று டேப்பும் கையுமாகவே காலத்தை ஓட்டிவிட்ட மனிதர். துறையூரில் ஆனந்தவள்ளியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காபித் தட்டு ஆடாமல் வந்ததைப் பார்த்துவிட்டு, "பேலன்ஸ் நல்லா இருக்கு" என்று தன் அக்கா காதில் சொன்னாராம். அந்தக் காபியில் சர்க்கரை போட மறந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. அதை நினைத்து ஆனந்தவள்ளி இன்றைக்கும் சிரிப்பாள், சிரிக்க முடிகிற நாட்களில்.

இன்று அப்படிப்பட்ட நாள் இல்லை.

இன்று மகள் தமிழ்மணிக்குத் தேர்வு. பெங்களூரில் இருக்கிற ஒரு பயிற்சி அகாடமிக்கு, திருச்சி ஸ்டேடியத்தில் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்த வருஷம் மணிக்கு வயது தாண்டிவிடும். இன்று விட்டால் விட்டதுதான்.

மணி, ஆனந்தவள்ளி பெற்ற பிள்ளை இல்லை. தர்மராஜின் முதல் மனைவி ஜோதியின் மகள். ஜோதி மருங்காபுரிப் பெண். ஓட்டத்தில் பேர் வாங்கியவள். மகள் நடை பழகி ஓட ஆரம்பித்த வயதில், பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். ஆனந்தவள்ளிக்கு அப்படித்தான் சொன்னார்கள். மணிக்கும் அப்படித்தான்.

ஜோதி போனாள். அவள் குரல் போகவில்லை.

ஸ்டாமினா பார்க்க 'பீப் டெஸ்ட்' என்று ஒன்று உண்டு. இரண்டு கோட்டுக்கு நடுவில் போவதும் வருவதுமாக ஓட வேண்டும். 'பீப்' சத்தம் கேட்பதற்குள் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். லெவல் ஏற ஏறச் சத்தம் சீக்கிரம் சீக்கிரம் வரும். தொட முடியாதவர் வெளியே. சத்தத்தோடு வரும் இங்கிலீஷ் பேச்சு பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று, அந்தக் காலத்தில் தர்மராஜ் வீட்டுக் கம்ப்யூட்டரில் பீப்பை ஓடவிட்டு, பக்கத்தில் ஜோதியை உட்காரவைத்துத் தமிழில் சொல்லவைத்துப் பதிவு செய்தார். "லெவல் ஒண்ணு... லெவல் ரெண்டு..." என்று அவள் சொல்லச் சொல்ல, ஒரே மூச்சில் எடுத்த பதிவு. இன்றுவரை அந்தப் பள்ளி மைதானத்தில் அதுதான் ஓடுகிறது.

டிபன் கேரியரோடு மைதானத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஆனந்தவள்ளி அதைக் கேட்டிருக்கிறாள். பேய் என்றால் வேப்பிலை அடிக்கலாம், தாயத்துக் கட்டலாம். பட்டப்பகலில் ஸ்பீக்கரில் வருகிற மூத்தவள் குரலுக்கு என்ன மந்திரம் இருக்கிறது? வெள்ளிக்கிழமை தோறும் போட்டோவுக்குப் பூ வைத்து, "அக்கா, நான் ஒண்ணும் உங்க இடத்தைப் பிடிக்க வரல" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

போன வாரம் நடந்த ரகளையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேகம், பலம், தாவல், உடம்பை வளைப்பது என எல்லாவற்றிலும் முதலாக வருகிற மணி, பீப் டெஸ்டில் மட்டும் ஒன்பதாவது லெவல் முடியும் இடத்தில் நின்றுவிடுகிறாள். எப்போது ஓடினாலும் அங்கேதான். போன வருஷம் இதே அகாடமித் தேர்வில், வெறும் பீப் சத்தத்துக்கு ஓடியபோதும் அதே இடத்தில் நின்றாள். பத்தை முடிக்காதவளுக்கு அங்கே இடம் இல்லை. பொறுத்துப் பார்த்த தர்மராஜ், மகள் நெஞ்சில் பட்டையைக் கட்டி ஓடவிட்டு, இதயத் துடிப்பை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்.

"இங்க பாரு வள்ளி. நிக்கிற இடத்துல கூட துடிப்பு உச்சத்துக்குப் போகல. மூச்சு இரைக்கல. கால் தளரல. இவ முடியாம நிக்கல, வேணும்னு நிக்கிறா!"

அதைக் கேட்ட மணி கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டில் போட்ட தோசை காய்ந்து வறண்டுபோனது. இன்று விடிந்ததும் எழுப்பப் போன ஆனந்தவள்ளி, காதில் இயர்போனோடு படுத்திருந்த பெண்ணைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தன் காதில் வைத்தாள். ஜோதி பேசிக்கொண்டிருந்தாள்.

போன அத்தியாயத்தில் அங்கே விட்டோம்.

தர்மராஜ் அதிகாலையிலேயே ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிட்டார். தேர்வு நடத்த உள்ளூர் வாத்தியார்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், அவரும் ஒருவர். சித்தியும் மகளும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது ஆனந்தவள்ளி கேட்டேவிட்டாள்.

"மணி, அந்த ஒன்பதுல என்னடி இருக்கு?"

மணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஒண்ணும் இல்ல சித்தி."

"ஒண்ணும் இல்லாததையா ராத்திரி பூரா காதுல வச்சுக்கிட்டுப் படுத்திருந்த? நான் கேட்டேன். முழுசா கேக்கல. அதுக்குள்ள நீ புரண்டுட்ட."

மணி போனை எடுத்து, இயர்போனைச் சித்தியிடம் நீட்டினாள். எந்த இடம் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பீப். பீப். நடுவில், தூரத்தில், தரையில் சின்னப் பாதங்கள் தட்தட்டென்று ஓடும் சத்தம். மைதானத்து இரைச்சலில் யாரும் கவனிக்க முடியாத சத்தம். பிறகு ஜோதி, லெவல் சொல்லும் குரலில் இல்லாமல், அடுப்படியிலிருந்து கூப்பிடும் குரலில் சொன்னாள்:

"தங்கம், ஓடாதடி. போதும், அம்மாகிட்ட வந்துரு."

மணி அங்கேயே அழுத்தி நிறுத்திவிட்டாள்.

"எங்க அம்மா என்கிட்ட பேசினதுன்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான் சித்தி" என்றாள். "நானா நிக்கல. அப்பா சத்தியமா வேணும்னு நிக்கல. அந்த இடம் வந்தா கால் நின்னுடுது. வெறும் பீப் போட்டாக்கூட எனக்கு அங்க அம்மா குரல் கேக்குது. ஓடாதன்னு அம்மா சொல்லும்போது நான் எப்படி ஓடுவேன்?"

"அடி பாவி மகளே! இத உங்கப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு கிராஃப் போட்டுக் காட்டச் சொல்வாரு."

சிரிப்பு வந்தது ஆனந்தவள்ளிக்கு. கண்ணிலும் தண்ணீர் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி, அதுக்கப்புறம் உங்கம்மா என்ன சொல்றாங்க?"

"தெரியாது."

"தெரியாதா?"

"கேட்டதில்ல. மைதானத்துல கடைசியா ஓடுறது நான்தான். நான் நின்னதும் அப்பா ஆஃப் பண்ணிடுவாரு. போன்ல நானும் கேக்க மாட்டேன். அதுக்கு மேல கொஞ்சம்தான் இருக்கு சித்தி. அது முடிஞ்சிட்டா அம்மாவும் முடிஞ்சிடுவாங்க."

இதற்கு ஆனந்தவள்ளி என்ன சொல்வாள்? அந்தக் குழந்தையைச் சோறூட்டி வளர்த்தவள் அவள். அம்மை போட்டபோது வேப்பங்கொழுந்தால் தடவிவிட்டு, கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். ஆனால் மணி ராத்திரியில் தேடிப் போகிற குரல் வேறு. வருத்தம்தான். பொறாமையும்தான், மறைப்பானேன்? செத்தவளோடு போட்டி போட்டு ஜெயித்தவர் யாராவது உண்டா!

"நான் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். மணி வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

ஆனந்தவள்ளி அந்த இடத்துக்கு மேல் ஓடவிட்டாள். வளையல் குலுங்கியது. எதையோ தூக்குகிற முக்கல். "அப்பா, என்ன கனம்!" பீப். "லெவல் பத்து." உடனே காதுக்கு வெகு பக்கத்தில் ஒரு மழலை: "பத்தூ..." ஜோதி கலகலவென்று சிரித்தாள்.

அவ்வளவுதான். ஆனந்தவள்ளி இயர்போனைப் பிடுங்கிவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. மீதியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"மணி, உங்கம்மா நிறுத்தல. உன்னத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, மேல சொல்லியிருக்காங்க. நீயும் கூடச் சேந்து பத்துன்னு சொல்ற."

"பொய்."

"உன் தலைமேல சத்தியமா. இந்தா, நீயே கேளு."

மணி போனைப் பிடுங்கிப் பையில் போட்டாள். பாலம் தாண்டி, கடைகளெல்லாம் தாண்டி, ஸ்டேடியம் வந்தது. இறங்கும்போதுதான் சொன்னாள்.

"இங்க வேணாம் சித்தி. ஓடும்போது கேக்குறேன். அம்மா சொல்லச் சொல்ல ஓடினா, என்னால தாண்ட முடியும். அதப் போடச் சொல்றீங்களா?"

"உங்கப்பாகிட்ட..."

"அப்பாகிட்ட வேணாம்."

பெற்ற தாயின் குரலை, வளர்த்த தாயிடம் கேட்கிறது பிள்ளை. மாட்டேன் என்று சொல்லும் மனசு ஆனந்தவள்ளிக்கு இல்லை.

ஸ்டேடியத்தில் மேசை மேசையாகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் குனிந்து கால்விரலைத் தொடுகிறார்கள். ஒரு பக்கம் சுவரோரம் எகிறிச் சுண்ணாம்புக் கையால் குறி வைக்கிறார்கள். தர்மராஜ் மைதானத்தின் கோடியில், கனமான மெடிசின் பந்தை எறியச் சொல்லி டேப் பிடித்துக்கொண்டிருந்தார். சொந்தப் பிள்ளைக்குத் தானே அளக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மணி பந்தெறிய வந்தபோது டேப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், அவள் நகர்ந்துபோகும்வரை.

பீப் டெஸ்ட் கடைசியில். ஸ்பீக்கர் மேசையில் இருந்த ஸ்டீபன்ராஜ், தர்மராஜிடம் படித்து ஆளானவன். அகாடமிக்காரர்களோடு வந்திருந்தான். ஆனந்தவள்ளி போய் நின்றதும் எழுந்துவிட்டான்.

"வாங்கக்கா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. ஒரு உதவி. எங்க சார் போடுற தமிழ்ப் பதிவு இருக்கு. மணிக்கு அது பழக்கம். அதப் போட முடியுமா?"

"ஐயோ, அதுவா! நாங்கள்லாம் அதுல ஓடித்தானே வளந்தோம். ஒன்பது வரைக்கும் அது, அதுக்கு மேல நிறுத்திட்டு சார் விசில்தான் ஊதுவாரு. பீப் ஒண்ணுதான், டைமிங் ஒண்ணுதான். மத்த பிள்ளைங்களுக்கும் தமிழ்ல சொன்னா நல்லதுதான். குடுங்க." பெரிய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான். அவர் தலையாட்டினார்.

மணி கோட்டில் நின்றாள். ஸ்பீக்கர் கரகரத்தது.

"லெவல் ஒண்ணு."

கோடியில் தர்மராஜின் கையிலிருந்து டேப் நழுவியதை ஆனந்தவள்ளி இங்கிருந்தே பார்த்தாள். பதறிப்போய்த் திரும்பினார். பின்னே, ஊர் முழுக்கக் கேட்கிற ஸ்பீக்கரில் பெண்டாட்டி குரல் திடீரென்று வந்தால் மனுஷன் பதறாமல் என்ன செய்வார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிள்ளைகள் ஓடினார்கள். தொட்டார்கள், திரும்பினார்கள். ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஒருத்தி அழுதாள். ஒன்பது தொடங்கியபோது மணி ஒருத்திதான் மைதானத்தில்.

ஆனந்தவள்ளி கும்பிட்டாள். ரங்கநாதா, இந்த ஒரு தடவை! பீப். மணி தொட்டாள். பீப். தொட்டாள். சின்னப் பாதங்களின் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது.

"தங்கம், ஓடாதடி. போதும், அம்மாகிட்ட வந்துரு."

மணியின் கால் பின்னியது. நின்றேவிட்டாள் என்றுதான் தோன்றியது. அகாடமிப் பெண் ஒருத்தி பேனாவை எடுத்தாள். மணி கண்ணை இறுக்கி மூடினாள். மூடிய கண்ணோடு கோட்டை நோக்கிப் பாய்ந்தாள்.

"லெவல் பத்து."

"பத்தூ..."

ஸ்டேடியம் முழுக்கக் குழந்தை குரலும், அதன் பின்னால் ஒரு இளம்பெண்ணின் சிரிப்பும். மணி அழுதுகொண்டே ஓடினாள், சிரித்துக்கொண்டும் ஓடினாள். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விஷயம் புரியாமலே எழுந்து கைதட்டினார்கள். ஆனந்தவள்ளி தன்னை மறந்து, "ஓடு மணி! ஓடு!" என்று கத்தினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரலின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

வழக்கம்போல் மகள் ஒன்பதில் நின்றுவிடுவாள் என்று கோடியிலேயே நின்றிருந்த தர்மராஜ் அப்போதுதான் ஓடி வந்தார்.

அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. மூச்சிரைக்க மேசையை நெருங்கி, ஸ்பீக்கர் ஒயருக்குக் கையை நீட்டினார். ஆனந்தவள்ளி குறுக்கே வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க? இப்ப நிறுத்துனா பிள்ளை ஓடினது அத்தனையும் வீணாப் போயிடும்!"

"வழிய விடு வள்ளி."

"மாட்டேன். பத்து முடியட்டும்."

"உனக்குத் தெரியாது வள்ளி. உன் கால்ல வேணா விழுறேன். ஆஃப் பண்ணிடு."

அவர் கை அவள் கையைப் பிடித்தது. சித்திரை வெயிலில் அந்தக் கை சில்லென்று இருந்தது. ஆனந்தவள்ளி நகரவில்லை. ஸ்டீபன்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

பீப். ஸ்பீக்கரில் சிரிப்பு அடங்கியிருந்தது. இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏங்க... நெஞ்சப் புடிக்குதுங்க. ஒரு மாதிரி வேர்க்குது. மீதிய நாளைக்கு வச்சுக்கலாமா?"

பதில் சொன்னது ஒரு ஆண்குரல். இளம் வயதுக் குரல்தான். ஆனாலும் யார் என்று அந்த மைதானத்தில் அவரிடம் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்தான் ஜோதி. இப்ப விட்டா திருப்பி முதல்லேருந்து எடுக்கணும். மூச்ச இழுத்து விட்டுட்டு சொல்லு, ஒண்ணும் ஆகாது."

"முடியலங்க..."

"ஓட்டக்காரிதானே நீ? சொல்லு."

ஆனந்தவள்ளியின் கையைப் பிடித்திருந்த கை கழன்று விழுந்தது. கடவுளே, நான் அல்லவா இதைக் கொண்டுவந்து கொடுத்தேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது ஒயரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் பிள்ளையின் ஓட்டம் போச்சு. பிடுங்காவிட்டால் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டே ஓட வேண்டும். அவள் மணியைப் பார்த்தாள்.

மணியின் முகத்தில் சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. ஓடினாள். அப்பா முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாக ஓடினாள். திரும்புகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவரையே பார்த்தாள்.

"லெவல்..." ஜோதியின் குரல் உடைந்தது. "லெவல் பதினொண்ணு."

"பாஸ்!" என்று அகாடமிப் பெண் கையைத் தூக்கினாள். "பத்து முடிச்சாச்சு! இந்தப் பொண்ணு செலக்டட்!"

பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். மணி அடுத்த கோட்டுக்கு ஓடவில்லை. நின்றாள். வேர்வை சொட்டச் சொட்ட, மெதுவாக மேசைக்கு நடந்து வந்தாள். ஆனந்தவள்ளி முந்தானையை எடுத்துக்கொண்டு முகம் துடைக்கப் போனாள். மணி அவள் கையை விலக்கவில்லை. ஆனால் பார்வை அப்பாவிடம்தான் இருந்தது.

"அம்மா மருங்காபுரியில காய்ச்சல்லதானே செத்தாங்க?"

தர்மராஜ் ஸ்பீக்கர் ஒயரையே பார்த்தார்.

"சொல்லுங்கப்பா. பாட்டி வீட்லதானே? காய்ச்சல்தானே?"

"மணி... வீட்டுக்குப் போயி..."

பீப். ஸ்பீக்கரில் ஏதோ நாற்காலி சரிகிற ஓசை. மழலை ஒன்று, "ம்மா? ம்மா?" என்று கேட்டது.

ஸ்டீபன்ராஜ் அவசர அவசரமாக ஒயரைப் பிடுங்கப் போனான். மணி அவன் கையைத் தட்டிவிட்டாள். குனிந்து, ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.